நானூறு அடிக்குப் போகிற வழி

பெயின்ட் டப்பா வைத்திருக்கிற பையன் யாரோடும் பேசுவதில்லை. டேப்பின் இரு முனைகளையும் பிடித்தவர்கள் எண்ணைக் கத்திச் சொல்வார்கள், சர்வேயர் நோட்டில் எழுதிக்கொள்வார், பையன் குனிந்து மதில்சுவரில் ஒரு சிவப்புக் கோடு இழுப்பான். பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அம்பின் முனை வீட்டுக்குள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். எத்தனை மீட்டர் என்பது அதன் மேலே. அவர்கள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததும் வீட்டுக்காரர் வெளியே வருவார். எண்ணைப் படிப்பார். பிறகு கோட்டிலிருந்து உள்பக்கமாக, ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டி ஒட்டி வைத்து, தானே ஒருமுறை அளந்துகொண்டு போவார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும் அப்படித்தான் அளந்தார்.

சென்னைக்குத் தென்மேற்கே முடிச்சூர், மண்ணிவாக்கம், வரதராஜபுரம் பக்கம் அகலப்படுத்துவதற்காக இப்படி அளக்கிற சாலைகள் ஏழெட்டு உண்டு. நான் உட்கார்ந்து பார்த்தது அவற்றில் ஒன்று. எது என்று சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒரு முனையில் பழைய ஊர்: பிள்ளையார் கோயில், ரேஷன் கடை, மாவு மில். மறுமுனையில் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை. நடுவே ஒரு காலத்துப் பஞ்சாயத்துத் தார் ரோடு. எதிரெதிரே ஒரு டேங்கர் லாரியும் பள்ளிக்கூட வேனும் வந்துவிட்டால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். பெரும்பாலும் வேன்தான் எடுக்கும்.

வெளிவட்டச் சாலைக்கு அரசுத் தாளில் 122 மீட்டர் அகலம், 62 கிலோமீட்டர் நீளம். வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரை 2014-இல் திறந்தார்கள். அங்கிருந்து மீஞ்சூர் வரை 2021-இல். ஊரில் யாரும் மீட்டரில் பேசுவதில்லை. 'நானூறு அடி ரோடு' என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். நடுவில் ஆறு வழி, இரு பக்கமும் சர்வீஸ் ரோடு, பிற்காலத்தில் ரயில் வரலாம் என்று விட்டுவைத்த நிலம். ரயில் நிலத்தில் இப்போதைக்கு வேலிக்கருவையும், அதைக் கடிக்க வருகிற ஆடுகளும்.

இந்த நகரம் தன் பெரிய சாலைகளை அடியில்தான் சொல்லிப் பழகியிருக்கிறது. வடபழனி, அசோக் நகர் வழியாகப் போகிற உள்வட்டச் சாலை ஊருக்கு வெளியே இருந்த காலத்தில் 'நூறடி ரோடு' ஆனது. அந்த ரோட்டில்தான் 2002-இல் கோயம்பேடு பேருந்து நிலையம் வந்தது. பாரிமுனையில் நெருக்கியடித்த வெளியூர்ப் பேருந்துகள் அங்கே போயின. பிறகு கோயம்பேடும் ஊருக்குள் ஆகிவிட்டது. 2023 டிசம்பர் 30-ஆம் தேதி வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புது நிலையம் திறந்தார்கள். வட்டச்சாலை எங்கே நகர்கிறதோ அங்கே பேருந்து நிலையமும் நகர்கிறது. அதற்கு அடுத்து இந்தத் தெருவுக்கு டேப் வருகிறது.

டீக்கடை பெஞ்சிலிருந்து எல்லாம் தெரியும். காலை ஐந்தரைக்கே வண்டிகள் தொடங்கிவிடும். பால் வண்டி, தண்ணீர் கேன் ஏற்றிய குட்டியானை, ஒரகடம் கம்பெனி பஸ். வழி தெரியாமல் உள்ளே நுழைந்துவிட்ட ஓர் ஆம்னி பஸ், மாவு மில் முனையில் திரும்ப முடியாமல் நிற்கும். கிளீனர் இறங்கி, "வரட்டும், வரட்டும்" என்று பஸ்ஸின் பின்பக்கத்தைத் தட்டுவார். கண்ணாடிக்குப் பின்னால் தூக்கக் கலக்கத்தில் திருநெல்வேலி முகங்கள். மேப் காட்டிய வழி என்று டிரைவர் சொல்வார். "மேப்ப பாத்து ஓட்றியா, ரோட்ட பாத்து ஓட்றியா?" என்று டீ மாஸ்டர் கேட்பார். தினமும் வேறு டிரைவர், அதே கேள்வி.

மதில்களுக்கு மேலே மனை விளம்பரப் பலகைகள். 'அவுட்டர் ரிங் ரோட்டிலிருந்து 2 நிமிடம்' என்றது ஒன்று. அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் இந்தச் சாலை. பலகை எழுதியவர் விடியற்காலை மூன்று மணிக்கு ஓட்டிப் பார்த்திருப்பார் போல.

அளவெடுப்பு அன்று கோடு போட்ட வீடுகளில் ஒன்றின் திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். பழைய ஓட்டு வீடு, முன்பக்கம் மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் இறக்கியது. பையன் திண்ணைக் கட்டையிலேயே கோடு இழுத்தான்.

"எவ்ளோப்பா போகும்?"

"இப்ப ஒண்ணும் போகலம்மா. மார்க்கிங்தான்."

"மார்க்கிங் பண்ணிட்டு சும்மா உட்ருவீங்களா?"

டேப் பிடித்தவர் சிரித்துவிட்டார். சர்வேயர் சிரிக்கவில்லை. நோட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டார். "நோட்டீஸ் வரும்மா. ஆபீஸ்ல கூப்புடுவாங்க, அப்ப சொல்லலாம். பட்டா கீதா?"

"கீது. அவரு பேர்ல கீது."

அவர் என்பவர் திண்ணைக்குப் பின்னால் சுவரில், பிளாஸ்டிக் மாலைக்குள் இருந்தார். சர்வேயரும் அண்ணாந்து பார்த்தார்.

"வாரிசு சர்டிபிகேட் வாங்கி பேர மாத்திடுங்கம்மா. ரெண்டு புள்ளைங்களுக்குள்ள தகராறுன்னா பணம் கோர்ட்ல போயி ஒக்காந்துக்கும்."

ரெண்டு பிள்ளைகள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் பார்த்த வீடுகள் சொல்லியிருக்கும். அந்தச் சாலையில் அன்று பேசப்பட்டதில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. ஆனால் பாட்டி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டத்தில் 15(2) என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. உங்கள் நிலத்தை ஏன் எடுக்கக் கூடாது, காரணம் சொல்லுங்கள் என்று உரிமையாளரைக் கேட்கிற நோட்டீஸ். பதினைந்து நாள் இடைவெளியில் டீக்கடையில் எல்லோருக்கும் அந்த எண் மனப்பாடம் ஆகிவிட்டது. "ஒனக்கு ஃபிஃப்டீன் டூ வந்துச்சா?" என்று பழைய இரும்புக் கடைக்காரர் கேட்கிறார். "எங்க தெருவுல இன்னும் வரல, ஃபிஃப்டீன் ஒன்னு நேரா வந்துரும்றாங்க" என்கிறார் செங்கல் லாரி ஓட்டுபவர். வராது, இரண்டு வந்த பிறகுதான் ஒன்று வரும். சட்டம் எண்ணை அப்படித்தான் தலைகீழாகப் போட்டிருக்கிறது. நான் சொல்லவில்லை. அவர்களுக்குள் ஒருவர் சொல்லி, மற்றவர்கள் நம்பவில்லை.

அம்புக்குறியே கிடைக்காதவர்களும் இருந்தார்கள். கோயிலுக்கு எதிரே பூ கட்டுகிற அம்மாள், பஞ்சர் கடை, தள்ளுவண்டி இட்லி, நான் உட்கார்ந்திருந்த டீக்கடை. இவை புறம்போக்கில் இருப்பவை. கோடு போட இவர்களிடம் சுவர் இல்லை. நோட்டீஸ் கொடுக்கப் பட்டா இல்லை. ஒருநாள் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்து, ஆக்கிரமிப்புகளைத் தாங்களே அகற்றிக்கொள்ளும்படி சொல்லிவிட்டுப் போயிற்று. இழப்பீட்டைப் பற்றிப் பேப்பரில் வருகிற கணக்கு எதிலும் இவர்கள் சேர்வதில்லை. பூக்கார அம்மாள் அன்று மாலையே சாமான்களைக் கோயில் மதிலை ஒட்டி நான்கடி பின்னுக்கு நகர்த்திக்கொண்டார். "இது நாலாவது வாட்டி" என்றார், முழம் போட்டுக்கொண்டே. குரலில் கோபம் இல்லை. முழம் மட்டும் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

மரங்கள் போயின. இரண்டு புங்கன், ஒரு தூங்குமூஞ்சி. அதை விவரிக்க எனக்கு விருப்பமில்லை.

பிறகு மழைநீர் வடிகால். ஜேசிபி தோண்டிக்கொண்டே போக, பின்னால் கம்பி கட்டுபவர்கள், அவர்களுக்குப் பின்னால் ஷட்டரிங் பலகை அடிப்பவர்கள், அதற்கும் பின்னால் கான்கிரீட் வண்டி. வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே ஆளுயரப் பள்ளம். பள்ளத்தின் மேல் வீட்டுக்கு ஒரு பலகை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதில் ஓடுகிறார்கள். தாத்தாக்கள் உட்கார்ந்து நகர்கிறார்கள். காஸ் சிலிண்டர் போடுகிற ஆள் மட்டும் சிலிண்டரைத் தோளில் வைத்தபடி கண்ணை நேரே வைத்துக் கடந்துவிடுகிறார். அவர் கடக்கும்போது டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். குடிநீர்க் குழாய் இரண்டு இடத்தில் உடைந்தது. ஒட்டினார்கள், மறுபடி உடைந்தது.

வடிகால் மூடி போட்ட பிறகுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. கணக்கு வாத்தியார் வாசலில் நின்று பார்த்தார். உள்ளே போனார். பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த மேஸ்திரியைக் கூட்டிவந்தார். மேஸ்திரியிடம் லெவல் டியூப் இருந்தது: கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். ஒரு முனையை வடிகால் மூடியின் மேல் வைத்து வாத்தியார் பிடித்துக்கொண்டார். மறுமுனையை மேஸ்திரி வீட்டு நிலைப்படிக்குக் கொண்டுபோனார். குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி நின்றது. மேஸ்திரி விரலால் சுண்டினார், குமிழி மெல்ல ஏறிப் போனது. தண்ணீர் ஆடி நின்றது. அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நிலையில் ஒரு கோடு போட்டு, கோட்டிலிருந்து படிக்கு ஜாண் வைத்துப் பார்த்தார்.

"முக்கால் அடி சார்."

"மேலயா, கீழயா?"

"ஊடு கீழ."

வீடு கட்டியபோது அந்த வாசலில் ஐந்து படிகள் இருந்தனவாம். இப்போது தெருவிலிருந்து ஏற ஒரு படி. புதுத் தார் விழுந்த பிறகு இறங்க ஒரு படி கட்ட வேண்டியிருக்கும்.

மறுநாள் பொறியாளர் வந்தார். வயது முப்பதுக்குள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினார். "சார், எஃப்.ஆர்.எல். நாங்க இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. அந்தப் பக்கம் நானூறு அடி சர்வீஸ் ரோட்டோட மேட்ச் ஆகணும். அங்கேர்ந்து ஸ்லோப் எடுத்துட்டு வந்தா இங்க இவ்ளோதான் நிக்கும்." எஃப்.ஆர்.எல். என்றால் சாலை முடிந்த பிறகு நிற்கப்போகிற மட்டம். வாத்தியார் யோசித்தார். "அப்ப எங்க வீட்டு லெவல நீங்க எடுக்கவே இல்லையா தம்பி?" தம்பி வரைபடத்தைப் பிரித்தார். சாலையின் நடுக்கோடு இருந்தது, வடிகால் இருந்தது, மின்கம்பங்கள் இருந்தன. வீடுகள் ஓரத்தில் வெறும் கட்டங்களாக இருந்தன, எண் இல்லாமல்.

இரண்டு சாலைகளை இணைப்பது என்றால் பெரியதன் உயரத்துக்குச் சின்னது ஏற வேண்டும். ஆறு வழிச் சாலை இறங்கி வராது. அதன் ஏற்றத்தைத் தெரு வாங்கிக்கொள்கிறது, தெருவின் ஏற்றத்தை வாசல் வாங்கிக்கொள்கிறது, மழை வந்தால் கூடம் வாங்கிக்கொள்கிறது. வேறு ஊரில் இது ஒரு சிமென்ட் மூட்டைச் செலவு. இங்கே அப்படி விட முடியாது. அடையாறு பிறப்பது கூப்பிடு தூரத்தில், ஆதனூர் ஏரிப் பக்கம். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள்ளிருந்து மனிதர்களைப் படகில்தான் எடுத்தார்கள். இந்தச் சாலையில் பல வீடுகளில் அந்தத் தண்ணீர் நின்ற கோடு இன்னும் சுவரில் இருக்கிறது. சுண்ணாம்பு அடித்தாலும் பழுப்பாக மேலே வந்துவிடுகிறது. சிவப்புக் கோடு போட வந்தவர்கள் அந்தப் பழுப்புக் கோட்டையும் ஒரு தடவை டேப் வைத்து அளந்திருக்கலாம்.

சாலை உயர்வதைப் பற்றி அரசுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தாருக்கு மேலே தாராகப் போட்டு உயர்த்திக்கொண்டே போகாமல், பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதியதைப் போட வேண்டும் என்று அதிகாரிகளுக்கு எழுதினார். மில்லிங் என்கிறார்கள். அந்தக் கடிதத்தின் நகலை வாத்தியார் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். பொறியாளரிடம் நீட்டினார். அவர் வாங்கிப் படித்தார். "இது ரீலேயிங் வேலைக்கு சார். இது வைடனிங்" என்று திருப்பிக் கொடுத்தார். வாத்தியார் கடிதத்தை மறுபடி உறைக்குள் போட்டார். அதற்கு மேல் இருவருக்கும் பேச ஒன்றுமில்லை. இருவரும் டீ குடித்தார்கள். காசை இளையவர் கொடுத்தார்.

தார் போட்டது இரவில். போக்குவரத்தை நிறுத்த இரவுதான் தோது. முதலில் காம்ப்ரஸர் வைத்துத் தூசியை ஊதினார்கள். எங்கள் டம்ளர்கள் வரை வந்தது. அதன் மேல் டேக் கோட் தெளித்தார்கள், மண்ணெண்ணெயும் கீலும் கலந்த நெடி. தார்ப்பாய் மூடிய டிப்பர் பின்புறமாக வந்து பேவர் மெஷினின் வாயில் கலவையைச் சரித்தது. கறுப்பும் ஆவியுமாக இறங்கியது. கையில் நீளக் கம்பி மாதிரி தெர்மாமீட்டர் வைத்திருந்த ஒருவர் அதில் குத்தி நின்றார். 140 டிகிரிக்குக் குறைந்தால் கலவையைத் திருப்பி அனுப்ப வேண்டும். 90-க்கு இறங்குவதற்குள் ரோலர் வேலை முடிந்திருக்க வேண்டும். இந்த ஐம்பது டிகிரிக்குள்தான் அங்கே எல்லோரும் ஓடுகிறார்கள்.

பேவர் விட்ட ஓரத்தை நான்கு பையன்கள் ரேக்கால் இழுத்துச் சரிசெய்தார்கள். ஜார்க்கண்ட், ஒடிசா. காலில் கெட்டி பூட்ஸ், அதன் மேல் சாக்கு சுற்றியிருந்தார்கள். குனிந்து குனிந்து நூல் பிடித்துப் பார்த்தது அவர்களின் மேஸ்திரி, விழுப்புரத்துக்காரர். நடு உயர்ந்து இரு ஓரமும் நூற்றுக்கு இரண்டரை சரிய வேண்டும், அப்போதுதான் மழை நிற்காது. அதில் அவர் காட்டிய சிரத்தை எனக்குப் பிடித்தது. ஓரிடத்தில் சரிவு தவறியது. ரோலரை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார், நான்கு முறம் கலவையை அள்ளி வெளியே எறியச் சொன்னார், புதிதாகப் போடச் சொன்னார். ரோலர் டிரைவர் சலித்துக்கொண்டார். "மழ பேஞ்சா என்னையில்ல வைவானுங்க" என்றார் மேஸ்திரி. நூற்றுக்கு இரண்டரையில் வழிகிற தண்ணீர் வடிகாலுக்குப் போகும் என்பது வரைபடத்தின் நம்பிக்கை. வடிகால் மூடி வாசலைவிட உயரம் என்பது மேஸ்திரிக்குத் தெரியாது. அது அவர் வேலையும் இல்லை.

விடிந்தபோது சாலை கறுப்பாக, அகலமாக, கோடு கூடப் போடாமல் கிடந்தது. முதல் ஆளாக ஒரு நாய் நடந்தது. அடுத்து பைக்குகள், ஏற்கெனவே எழுபதில்.

வெளிவட்டச் சாலையைத் தொடுகிற முனையில் இன்னும் வேலை முடியவில்லை. இங்கிருந்து போகிறவர்கள் நேரே அதில் ஏற முடியாது. சர்வீஸ் ரோட்டில் இடதுபக்கம் திரும்பி, அடுத்த பாலத்தடிவரை போய்த்தான் மறுபக்கம் வர வேண்டும். அது தூரம். அதனால் எல்லோரும் வலதுபக்கம் திரும்பி எதிர்த்திசையில் போகிறார்கள். பால்காரர் போகிறார், அரசு கொடுத்த சைக்கிளில் பிளஸ் ஒன் பிள்ளைகள் போகிறார்கள், ஹெல்மெட் போட்ட போலீஸ்காரர் ஒருவரும் போனார். இரவில் மாடுகள் அந்தச் சூடான தாரில் படுத்துக்கொள்கின்றன. விளக்குக் கம்பம் நட்டிருக்கிறார்கள், விளக்கு இல்லை. முன்பு குறுகிய சாலையில் மெதுவாக வந்து திரும்பியவர்கள் இப்போது அகலச் சாலையில் வேகமாக வந்து திரும்புகிறார்கள். டயர் தேய்ந்த கறுப்பு வளைவுகள் அங்கே நிறைய. ஓரிடத்தில் சாக்பீஸால் வரைந்த கட்டம்.

சாலை நல்ல சாலை. அதைச் சொல்லாவிட்டால் பொய். மாவு மில்லிலிருந்து கிளாம்பாக்கம் போக இப்போது ஆட்டோக்காரர் முகம் சுளிப்பதில்லை. போன வாரம் 108 வண்டி ஒன்று உள்ளே வந்து, ரிவர்ஸ் எடுக்காமல் திரும்பிப் போயிற்று. அதை டீக்கடையில் இரண்டு நாள் பேசினார்கள். பாட்டியின் திண்ணை போய்விட்டது. ஓட்டு வீடு இருக்கிறது, திறந்த வாயோடு. பணம் வந்ததா என்று டீ மாஸ்டர் கேட்டதற்கு, பெரியவன் வரவேண்டும், கையெழுத்துக்கு, என்றார்.

அடுத்த வளையத்துக்கு வேலை நடந்துகொண்டிருக்கிறது. எண்ணூர் துறைமுகத்திலிருந்து தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், சிங்கப்பெருமாள் கோவில் வழியாக மாமல்லபுரம் பக்கத்துப் பூஞ்சேரி வரை, ஏறக்குறைய 133 கிலோமீட்டர். அந்தப் பக்கத்துச் சின்னச் சாலைகளுக்கும் ஒருநாள் டேப் வரும். அங்கே வீடு வைத்திருப்பவர்கள் பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். கோடு போட வருகிறவரிடம் எவ்வளவு போகும் என்று கேட்பதோடு, சாலை எந்த உயரத்தில் வந்து நிற்கும் என்பதையும் கேளுங்கள். வடிகாலுக்குக் கம்பி கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு கேட்டால் பொறியாளர் டீ வாங்கிக் கொடுப்பார்.